அடையாள இசைக்காரரின் மற்ற உருப்படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வானொலி நாளையொட்டி பிப்ரவரி 13 அன்று தாங்கள் வெளியிட்ட பழைய வானொலி நினைவுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டீக்கடை ரேடியோ, மாநிலச் செய்தி, கிரிக்கெட் வர்ணனை என்று எல்லாம் சரியாகவே வந்திருந்தது. ஒரே ஒரு வரியில்தான் கால் இடறியது. காலையில் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் திறக்கும்போது ஒலிக்கும் அந்த அடையாள இசையை “பெயர் தெரியாத யாரோ ஒரு கலைஞர்” அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.

அவருக்குப் பெயர் உண்டு. வால்டர் காஃப்மன். வேறு சில பெயர்களைச் சொல்வோரும் இருக்கிறார்கள்; ஆனால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது இவரைத்தான். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஐரோப்பாவை விட்டு வெளியேறிய யூதர். 1934இல் பம்பாய்க்குக் கப்பலேறி வந்து பன்னிரண்டு ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தவர்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். இசைப் படிப்பு எதுவும் எனக்கில்லை. 1972 முதல் 2008 வரை தஞ்சாவூர் கீழவாசலில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வால்வு செட்டை இரவில் சரிசெய்து முடித்தால், மறுநாள் விடியற்காலையில் திருச்சி நிலையத்தை வைத்துத்தான் பரீட்சை. 936 கிலோஹெர்ட்ஸில் முள்ளை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். முதலில் வெறும் இரைச்சல். திடீரென்று அது அடங்கும். நிலையத்தில் கேரியரை, அதாவது ஒலியைச் சுமந்து வரும் அலையை, ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டப் பச்சை நிறத்தில் எரியும் மாயக்கண் விளக்கு குவிந்து நிற்கும். அதன்பிறகு தம்புரா. அதன்மேல் வயலின்.

அந்தத் தம்புராவைப் போல ஒரு சோதனைக் கருவி எனக்கு வாய்த்ததில்லை. மின்சார இரைச்சலை வடிகட்டும் பில்டர் கண்டென்சர் காய்ந்துபோயிருந்தால் செட்டுக்குள்ளேயே ‘ங்’ என்று ஓர் ஓசை ஓடிக்கொண்டிருக்கும். தம்புராவின் நாதம் அதில் கலந்து மூழ்கிவிடும். கண்டென்சர் நன்றாக இருந்தால் மீட்டிய கம்பி எங்கே தேய்ந்து மறைகிறது என்பதுகூடக் காதில் விழும். வயலின் மேலே ஏறும் இடத்தில் கரகரத்தால், முள் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அல்லது ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருக்கிறது. இப்படி முப்பத்தாறு ஆண்டுகள். அந்த இசையை நான் கேட்டேன் என்று சொல்வதைவிட அதைக் கொண்டு வேலை பார்த்தேன் என்று சொல்வதே பொருத்தம். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்காது. “பொழுது விடியும்போதே என்ன இப்படி அழுகிறான்” என்பார். சிவரஞ்சனி ராகம் அல்லவா? மத்யமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுரம், அதிலும் ‘சாதாரண காந்தாரம்’ என்ற அந்தச் சோகமான ‘க’. அம்மா சொன்னதில் தப்பில்லை.

அழுதவருக்கு அழக் காரணம் இருந்தது என்பது எனக்குத் தெரியவந்தது மிகப் பிந்தித்தான்.

காஃப்மன் 1907 ஏப்ரல் 1 அன்று பொகீமியாவில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன கார்ல்ஸ்பாட் நகரத்தில் பிறந்தார். இன்று அது செக் நாட்டின் கார்லோவி வாரி. பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையமைப்புக் கற்றார். பிறகு பிராகில் உள்ள ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் இசையியல் படித்தார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதிவிட்டார். பட்டம் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் தன் ஆசிரியர் குஸ்டாவ் பெக்கிங் உள்ளூர் நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்பது தெரியவந்தது. ‘இவர் கையால் எனக்குப் பட்டம் வேண்டாம்’ என்று விட்டுவிட்டார். இருபது வயதுகளில் இருந்த ஒருவர் செய்த காரியம் இது. பட்டம் வாங்கிய பிறகு கொள்கை பேசுவோரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவருடைய குரு ஷ்ரேக்கர் பெர்லின் இசைப்பள்ளியின் இயக்குநர் பதவியை 1932இல் இழந்து, 1934 மார்ச்சில் காலமானார். அதே ஆண்டுதான் மாணவர் இந்தியா வந்தார். ஏன் இந்தியா என்ற கேள்விக்கு அவரே எழுதி வைத்திருக்கும் பதில் மிகவும் எளியது: விசா எளிதாகக் கிடைத்தது. ஆன்மிகத் தேடல், கீழைநாட்டு ஞானம் என்றெல்லாம் அலங்காரம் இல்லை. கதவு திறந்திருந்தது, வந்தார்.

நம் இசைத்தட்டுகளை வாங்கிக் கேட்டிருக்கிறார். முதலில் ஒன்றும் புரியவில்லை, அந்நியமாக இருந்தது. இதற்கு அவர் எழுதியிருப்பதன் சாரத்தைச் சொல்கிறேன். இந்த இசையை உருவாக்கியவர்கள் இதயமும் அறிவும் உள்ள மனிதர்கள். இலட்சக்கணக்கானோர் இதை விரும்பிக் கேட்கிறார்கள். அப்படியானால் குறை என்னிடம்தான் இருக்க வேண்டும். இதை நான் படித்தபோது பேத்தியைக் கூப்பிட்டு அவளையும் படிக்க வைத்தேன்.

பம்பாயில் இறங்கிய சில மாதங்களிலேயே சேம்பர் இசைக்கு ஒரு சங்கம் தொடங்கினார். சேம்பர் இசை என்பது ஒரு கூடத்தில் உட்கார்ந்து நான்கைந்து பேர் வாசிப்பது. கையில் கோல் பிடித்து நடத்துநர் என்று எவரும் நிற்பதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எடுப்பார்கள், ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு நிறுத்துவார்கள். நம் வீட்டுக் கச்சேரியின் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதில் தலையானது இரண்டு வயலின், ஒரு வியோலா (சற்றுப் பெரிய வயலின்), ஒரு செல்லோ (அதைவிடப் பெரியது, கீழ்ச்சுரங்களுக்கு) சேர்ந்தது. இதை நான் ‘நால்வர் இசை’ என்றே சொல்கிறேன். எங்கள் ஊரில் நால்வர் என்றால் இசையிலும் நாட்டியத்திலும் பேர்பெற்ற சகோதரர்கள் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு. அந்த வடிவேலுவுக்குத் திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தது 1834இல். காஃப்மன் பம்பாயில் இறங்கியது 1934இல். ஐரோப்பிய வயலினை நாம் மடியில் சாய்த்து நம்முடையதாக்கிக்கொண்டு நூறாண்டுகள் ஆன பிறகு, ஐரோப்பிய வயலின் இசை தெரிந்த ஒருவர் தம்புரா இருக்கும் நாட்டுக்கு வந்தார். ஆண்டுக் கணக்கு இப்படிப் பொருந்தியதற்கு நான் பொறுப்பில்லை.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி. பியானோவில் காஃப்மன், செல்லோவில் எடிஜியோ வெர்கா என்ற இத்தாலியர், வயலினில் மெஹ்லி மேத்தா. உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் ஜூபின் மேத்தாவின் தந்தைதான் இந்த மெஹ்லி. நம் அடையாள இசையில் கேட்பது அவருடைய வில்தான் என்று சொல்வார்கள். 1937 முதல் 1946 வரை காஃப்மன் ஆல் இந்தியா ரேடியோவின் பம்பாய் நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். நண்பர் மோகன் பவ்னானியின் படங்களுக்கும் இசையமைத்தார். பிழைப்பு நடக்க வேண்டுமே.

அங்கே ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1938 அக்டோபரில் அவர் பிறந்த ஊர் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. 1939 மார்ச் 15 அன்று பிராகில் ஜெர்மன் ராணுவம் நுழைந்தது. அவர் முதலில் மணந்த கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் சகோதரி எல்லியின் மகள். காஃப்காவைத் தமிழில் படித்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவருடைய மூன்று சகோதரிகளும் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கெர்ட்டியின் தாய் எல்லியும் அந்த மூவரில் ஒருவர். அதே செக் மண்ணில் இசையமைத்துக்கொண்டிருந்த விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ், ஹான்ஸ் கிராசா ஆகிய மூவரும் தெரசின் முகாமில் அடைக்கப்பட்டு, 1944 அக்டோபரில் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பம்பாயில் வியாழக்கிழமை தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தவருக்கும் இவர்களுக்கும் இடையே இருந்தது ஒரு விசா முத்திரை.

உயிர் பிழைத்தார். இசை பிழைக்கவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கொல்லப்பட்டவர்களுக்குக் காலம் தாழ்ந்தேனும் ஒரு கவனம் கிடைத்தது. அவர்கள் முகாமில் எழுதிய தாள்களை உலகம் தேடி எடுத்து வாசிக்கிறது. தப்பித்துப் பிழைத்தவர்களின் கதை வேறு. காஃப்மன் 1946இல் இங்கிருந்து லண்டன் போனார். 1947இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பியானோ ஆசிரியர். 1948இல் வின்னிபெக் சிம்பொனி இசைக்குழுவின் முதல் இயக்குநர். 1957இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியர். பிராகில் அவருக்குப் பாடம் சொன்ன பால் நெட்டிலும் தப்பிப் பிழைத்து அதே புளூமிங்டன் ஊரில்தான் பணிசெய்தார். வின்னிபெக்கில் அவரை நடத்துநராகத் தெரியும். புளூமிங்டனில் அறிஞராகத் தெரியும். நமக்கு அவர் சில விநாடி அடையாள இசை, அதுவும் பெயரில்லாமல். பிறந்த நாடே பெயரும் எல்லையும் மாறி எங்கோ போய்விட்டது. எந்த ஊர்க்காரர் என்று சொந்தம் கொண்டாட ஆளில்லாதவரின் இசையை யார் எடுத்து வாசிப்பார்கள்? போதாக்குறைக்கு, போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் பாடிக்காட்டக்கூடிய மெட்டு என்றாலே பழசு என்று ஒதுக்கும் காலமாக இருந்தது. கையெழுத்துத் தாள்கள் கட்டுக் கட்டாகப் பல்கலைக்கழக இசை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1984இல் அவர் இறந்தார்.

இடையே நமக்கு அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். 1976இல் தென்னிந்திய ராகங்களுக்கென்று ஒரு பெரிய அட்டவணை நூலை வெளியிட்டார். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர் ஒருவரின் அலமாரியில் அதைப் பார்த்தேன்; அவருடைய டேப் ரிக்கார்டரைச் சரிசெய்யப் போன இடத்தில். செங்கல் கனம். மேளகர்த்தா வாரியாக ஆரோகண அவரோகணங்களை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார். அட்டையில் இருந்த பெயரைப் படித்தபோது அவர்தான் நான் தினமும் கண்டென்சரைச் சோதித்த ஆள் என்று எனக்கு அப்போது தெரியாது. பேராசிரியர் ஐயாவும் சொல்லவில்லை. டேப் ரிக்கார்டரில் பெல்ட் அறுந்திருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கனடாவின் டொரண்டோவில் ராயல் கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரி இருக்கிறது. அதன் ஆசிரியர்களை முதன்மையாகக் கொண்ட ஏ.ஆர்.சி. குழு, நாஜிக் காலத்தில் விரட்டப்பட்டு மறக்கப்பட்ட இசையமைப்பாளர்களின் சேம்பர் இசையைத் தேடி எடுத்து வாசித்து வருகிறது. சைமன் வின்பெர்க் என்பவர் அதை வழிநடத்துகிறார். பிர்கெனாவ் முகாமில் கைதிகளின் இசைக்குழுவை நடத்திப் பிழைத்து வந்த ஷிமோன் லாக்ஸின் இசைக்கு ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதன்பிறகு 2020இல் காஃப்மனுக்கு ஒன்று. பம்பாய் ஆண்டுகளைச் சேர்ந்த ஐந்து உருப்படிகள் அதில் உள்ளன: ஏழாம், பதினொன்றாம் நால்வர் இசைகள், வயலினும் பியானோவும் சேர்ந்த இரண்டாம் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட உருப்படி), கிளாரினெட்டுக்கு மாற்றிய ஒரு சிறு சொனாட்டினா, ஏழு பேர் வாசிக்கும் ஒரு செப்டெட். எண்ணைக் கவனியுங்கள். பதினொன்றாவது நால்வர் இசை. ஒன்றிரண்டு எழுதிப் பார்த்துவிட்டு விட்டவர் இல்லை.

இதைக் கண்டுபிடித்தது என் பேத்தி. நான்கு ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். ஊரடங்குக் காலத்தில் கைப்பேசியில் எதையோ தேடப்போய் இது அகப்பட்டது. “தாத்தா, இது உங்கள் ரேடியோக்காரர்” என்றாள். கைப்பேசியின் தகரக் குரலில் கேட்க எனக்கு மனம் வரவில்லை. விற்காமல் வைத்திருக்கும் ஒரே மர்ஃபி செட்டின் பின்புறம் கிராமபோன் பிக்-அப்புக்கு இரண்டு துளைகள் இருக்கும். அதில் ஒரு வயரைச் செருகி மறுமுனையைக் கைப்பேசியில் மாட்டினேன். (யாரும் ஏ.சி./டி.சி. செட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேசிஸிலேயே மின்சாரம் இருக்கும்.) வால்வு சூடேற அரை நிமிடம் ஆயிற்று. பதினொன்றாவது நால்வர் இசை வந்தது.

முதலில் கேட்டபோது அம்மா நினைவுக்கு வந்தார், அவ்வளவுதான். இரண்டாவது முறை, செல்லோ கீழே ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பது போலத் தோன்றும் இடங்களில் என் காது தானாக ‘ங்’ ஓசையைத் தேடியது. கண்டென்சர் நன்றாகத்தான் இருந்தது. அது தம்புராவின் இடம் என்று பிறகு புரிந்தது. தம்புராவை மேடையில் வைக்காமலேயே அதற்குரிய இடத்தை விட்டுவைத்திருக்கிறார். “தாத்தா, இவர்கள் கமகமே வாசிக்கவில்லையே” என்று பேத்தி குறைப்பட்டாள். உண்மைதான். சுரம் நேராக வருகிறது, நேராகப் போகிறது. கமகம் போட்டிருந்தால் அது நம் பாட்டை ஒப்பித்ததாக ஆகியிருக்கும். இவர் தன் மொழியிலேயேதான் பேசுகிறார். நடுநடுவே நம்மூர்ச் சொல் ஒன்று வந்துவிடுகிறது, நீண்டநாள் நம்மோடு குடியிருந்த வெளியூர்க்காரரின் பேச்சில் வருவது போல.

வயலின் சொனாட்டாவை என்னால் ஒரேமூச்சில் கேட்க முடியவில்லை. பியானோ அதிகம், எனக்குப் பழக்கமில்லை. செப்டெட்டை மட்டும் இதுவரை இருபது முறையாவது கேட்டிருப்பேன். மூன்று வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோ, பியானோ. இத்தனை வில்லை ஒன்றாகக் கேட்கும்போது, இப்படி ஏழு பேருக்கு எழுதிவைத்துவிட்டு, வாசிக்க ஆள் தேடி எத்தனை வியாழக்கிழமைகள் அலைந்தாரோ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

வியோலா நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். பாலமுரளிகிருஷ்ணா வியோலா வாசித்தவர். நம் இசைக்கல்லூரிகளில் வயலின் மாணவர்களுக்குக் குறைவில்லை. நால்வர் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் பதினொன்றாவதன் ஒரு பகுதியையாவது பழகினால் என்ன? ஐரோப்பிய நோட்டேஷன் (சுரக்குறிப்பு) படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் போதும். அடையாள இசை சில விநாடி வந்தபோதே நாடு முழுவதும் எழுந்து பல் துலக்கியது. அதே கையெழுத்தில் உள்ள மற்றதையும் வானொலியில் ஒரு நாள் கேட்க ஆசைப்படுகிறேன். அடையாள இசை முடிந்த கையோடு வைத்தால் இன்னும் நல்லது. காதுக்குத் தொடர்ச்சி கிடைக்கும்.

நிற்க. இந்தக் கடிதம் நீளமாகிவிட்டது. இடம் போதாவிட்டால் என் கடையைப் பற்றிய பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள். கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுவீர்களானால் பெயரை மட்டும் கவனித்து அச்சிடுங்கள். காஃப்மன், நடுவில் ஆய்த எழுத்து வரும். காப்மன் என்று போட்டாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ‘பெயர் தெரியாத’ என்று மட்டும் மறுபடி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்,
கீழவாசல், தஞ்சாவூர்.